புதுப்பிப்பு: ஊர் வீட்டு இணைய இணைப்பு முடிவாகிவிட்டது

திருவாரூர் அருகே எங்கள் கிராமத்து வீட்டுக்கு மாதம் 500 ரூபாய்க்குள் எந்த இணைய இணைப்பு சரிப்படும் என்று முன்பு கேட்டிருந்தேன்; உள்ளூர் கேபிள்காரர் வழியாகக் கிடைக்கும் பி.எஸ்.என்.எல். ஃபைபரையே எடுத்துவிட்டோம். விலையைப் பார்ப்பவர்கள் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யையும் கூட்டிக்கொள்ளுங்கள், வரி நீங்கலாக 399 ரூபாய் என்று போட்டிருந்தால், கட்டும்போது அது 471 ஆகிவிடும்.

சிம் போடும் ரௌட்டரை விலக்கியதற்குக் காரணம், அன்றைய டேட்டா தீர்ந்ததும் தம்பி மகளின் இணைய வகுப்பு பாதியில் நின்றுவிடும் என்பதே. இணைப்புக் கொடுக்க வந்தவர் ஃபைபரில் வரும் ஒளி சிக்னலின் வலிமை மைனஸ் 21 டிபிஎம் (அதை அளக்கும் அலகு) என்று மீட்டரில் காட்டினார். மைனஸ் 27-க்குக் கீழே இறங்கினால்தான் தொல்லை என்பதால், பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த மைனஸ் 21-ஐச் சுவரிலேயே பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம். மின்வெட்டுக்கு (அப்பா பழகிவிட்டார், பேத்தி பழகவில்லை) 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். ஒன்றும் வாங்கியாயிற்று, வாங்குமுன் மோடத்தின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.