வாட்சன் ஓட்டல் வாசலில் டாட்டாவைத் தடுத்தார்களா?

மாட்டுங்காவாசி: மும்பை காலாகோடாவில் பாழடைந்து நிற்கும் எஸ்பிளனேட் மேன்ஷன், பழைய வாட்சன் ஓட்டல். ஜாம்ஷெட்ஜி டாட்டாவை ‘இந்தியருக்கு இடமில்லை’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிய இடம். அந்த ரோஷத்தில்தான் அவர் தாஜ் ஓட்டலைக் கட்டினார். இதைப் பாரம்பரியச் சின்னம் என்று காப்பாற்றச் சொல்கிறார்களே! இடித்துத் தள்ளட்டும்.

இரும்புத்தூண்: திருப்பி அனுப்பியதை யார் பார்த்தது? தூணும் உத்தரமும் இங்கிலாந்தில் வார்த்து, கப்பலில் கொண்டுவந்து, 1860களில் இங்கே பூட்டிய கட்டடம் அது. வடிவமைத்த ரோலண்ட் மேசன் ஆர்டிஷுக்கு லண்டன் செயின்ட் பாங்கிராஸ் ரயில் நிலையக் கூரையிலும் பங்குண்டு. 1896 ஜூலை 7 அன்று லூமியர் சகோதரர்களின் சினிமாப் படங்களை இந்தியாவில் முதன்முதலாகக் காட்டியதும் இங்கேதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு வாசல் கதை!

மாட்டுங்காவாசி: கப்பல் கணக்கெல்லாம் வைத்திருக்கும் தாங்கள், திருப்பி அனுப்பவில்லை என்று நிரூபியுங்களேன்.

இரும்புத்தூண்: அனுப்பினார்கள் என்பவர்தான் காட்ட வேண்டும். டாட்டா எழுதிய கடிதம் உண்டா? ஒரு வரி? பிளேக் நோயால் பெயர் கெட்ட பம்பாய்க்கு நல்ல ஓட்டல் வேண்டும் என்று கட்டினார் என்றும்தான் சொல்கிறார்கள். அதில் ரோஷம் இல்லை, அதனால் உங்களுக்கு ருசிக்காது.

கோர்ட்டு குமாஸ்தா: அங்கே ஒரு வக்கீலிடம் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். உயர்நீதிமன்றம் கூப்பிடு தூரம். ஓட்டல் அறையைப் பிளைவுட்டால் மூன்றாகத் தடுத்திருந்தார்கள். ஒரு தடுப்பு, இரும்புத் தூணின் பூவேலைக்கு நடுவில் போகும். பாதிப் பூ எங்களுக்கு, பாதி அடுத்த வக்கீலுக்கு. எங்கள் பாதியில் குடை மாட்டுவோம். மரப்படியில் சுவரோரமாக ஏறச் சொல்லி முதல் நாளே எச்சரித்தார்கள். 2005-இல் முகப்பு பால்கனிகள் இடிந்து ஓர் உயிர் போனது. அது இருக்கட்டும், பாரம்பரியம் என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? இரும்பையா, குடியிருந்தவர்களையா?

இரும்புத்தூண்: குமாஸ்தா சார், அதைப் பிறகு பார்ப்போம். சாட்சி இன்னும் வரவில்லை. போன மாதம் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பேசியபோதும் இவர் இப்படித்தான், பர்மாத் தேக்கை இலங்கைத் தேக்கு என்று சாதித்தார்.

மாட்டுங்காவாசி: அது எழுத்துப் பிழை என்று அன்றே சொன்னேன். உங்களுக்கு மறக்காது, யானைப் பகை. 2019-இல் ஐஐடி மும்பை அறிக்கையே இந்தக் கட்டடத்தை இடிக்கத்தான் சொன்னது, அதற்கு என்ன பதில்?

இரும்புத்தூண்: அறிக்கை, வாசலில் யாரோ யாரையோ தடுத்ததற்காக இடிக்கச் சொல்லவில்லை. பழுது பார்க்காமல் விட்டதால் வந்த வினை. வாடகை அந்தக் காலத்திலேயே உறைந்துவிட்டது, செலவு செய்வது சொந்தக்காரரா குடியிருப்பவரா என்ற சண்டையிலேயே காலம் போனது. சாட்சி எங்கே?

காக்கைபாடினி: அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1896-இல் அங்கே தங்கி, பால்கனியில் பார்த்த பம்பாய்க் காக்கைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுங்காவாசி: பார்த்தீர்களா? காக்கைக்கு அனுமதி உண்டு, டாட்டாவுக்குத்தான் இல்லை.

இரும்புத்தூண்: மறுபடியும் ‘இல்லை’! யார் சொன்னது?

மாட்டுங்காவாசி: என் தாத்தா.

இரும்புத்தூண்: அவர் எந்த வருடம் பம்பாய்க்கு வந்தார்?

மாட்டுங்காவாசி: 1938.

இரும்புத்தூண்: தாஜ் திறந்தது 1903.

மாட்டுங்காவாசி: அதனால் என்ன? அவருக்கும் யாராவது பெரியவர்தானே சொல்லியிருப்பார்!