காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு இரண்டு மாதிரிகள் கேட்பது ஏன்?

கேள்வி (குடியாத்தம்):
வணக்கம். என் மாமியார் பல ஆண்டுகளாக வீட்டிலேயே பீடி சுற்றுபவர். மூன்று வாரங்களாக இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தும், புகையிலைத் தூசியால் வருவது என்று சொல்லி மருத்துவமனைக்கு வர மறுத்துவந்தார். ஒருவழியாக அழைத்துச் சென்றபோது அங்கே கொடுத்த மாதிரியை வெறும் எச்சில் என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி எடுத்துத் தருவதோடு, விடியற்காலைச் சளியும் வேண்டும் என்கிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரே போதாதா, இரண்டு குப்பிகளையும் ஒரே நேரத்தில் நிரப்பித் தரலாமா என்று அவர் கேட்கிறார்.

மறுமொழி (ஆய்வக நுட்புநர், வேலூர்):
சகோதரி, திருப்பியது அவருடைய நன்மைக்கே. நுண்ணோக்கியில் காசநோய்க் கிருமி தென்பட, ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். எச்சிலைப் பார்த்து 'கிருமி இல்லை' என்று எழுதிக் கொடுத்தால், நோய் இருந்தும் இல்லையென்று நம்பி அவர் வீட்டோடு இருந்துவிடுவார். நோய் முற்றுவதோடு உடனிருப்பவர்களுக்கும் பரவும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் இதைவிடக் குறைந்த கிருமிகளையும் கண்டுபிடிக்கும் என்றாலும், அவற்றுக்கும் நெஞ்சிலிருந்து வந்த சளிதான் வேண்டும்.

இரவெல்லாம் நுரையீரலில் தேங்கிய சளி விடியற்காலையில் வெளிவருவதால், அந்த மாதிரியில் கிருமி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். முன்பு மூன்று மாதிரிகள் கேட்டோம்; மூன்றாவதால் கூடுதலாகக் கிடைப்பது மிகக் குறைவு என்பதால், 2007-இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டு போதும் என்றது. ஒரே இருமலில் வந்ததை இரண்டு குப்பிகளில் பிரித்து ஊற்றினால் அது ஒரு மாதிரிதான். மறுநாள் வர இயலாதவர்கள் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டையும் தரலாம்.

எக்ஸ்ரே நிழலைக் காட்டும். அது பழைய தழும்பாகவும் இருக்கலாம். காசநோய்க்குத் தரும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதைப் படம் சொல்லாது.

மறுமொழி (ஓய்வுபெற்ற செவிலியர், காட்பாடி):
எடுக்கும் முறையையும் சொல்கிறேன் அம்மா. எழுந்தவுடன், எதுவும் சாப்பிடும் முன், பற்பசை இல்லாமல் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மூச்சை ஆழமாக இழுத்துச் சில நொடிகள் அடக்கி விட வேண்டும்; இப்படி இரண்டு முறை செய்தபின், மூன்றாவது மூச்சில் அடிநெஞ்சிலிருந்து இருமி, குப்பியை உதட்டோடு ஒட்டிப் பிடித்து உள்ளே துப்ப வேண்டும். கெட்டியாக 2 முதல் 5 மில்லி வரை இருந்தால் போதும். நுரைத்துத் தண்ணீராக இருந்தால் அது எச்சில்.

கூச்சத்தால் பெண்கள் பலர் குளியலறைக்குள் போய் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அது கூடாது, மொட்டை மாடியிலோ கொல்லையிலோ, எதிரில் யாரும் நில்லாமல் எடுக்க வேண்டும். பெயரை மூடியில் எழுதினால் மாறிப்போகும், குப்பியின் உடலில் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. காலை ஐந்து மணிக்கு எடுத்தாலும் ஆய்வகம் திறக்கும் வரை எப்படி வைத்திருப்பது? இருமலுக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தரலாமா?

மறுமொழி (ஆய்வக நுட்புநர், வேலூர்):
மூடியை இறுக்கி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்து, அன்றே கொடுத்துவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் வாயிலுள்ள பிற கிருமிகள் பெருகி மாதிரியைக் கெடுத்துவிடும். கடை மாத்திரை வேண்டவே வேண்டாம். லெவோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குவதால், நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். இரண்டிலும் கிருமி இல்லையென்று வந்தும் இருமலும் காய்ச்சலும் நீடித்தால், அந்தச் சீட்டோடு மருத்துவரை மீண்டும் பாருங்கள்; எக்ஸ்ரேயும் அப்போது உதவும்.