அக்கா இந்தியர், தம்பி வெளிநாட்டவர்

வளசரவாக்கத்தில் வெளிப்பதிவில், அதாவது முகாமுக்கு வெளியே போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொண்டு, வாழும் இலங்கை அகதிக் குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் 1985இல் படகில் வந்தவர்கள். அக்கா 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தாள், நான் 1989இல். 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியக் குடியுரிமை உண்டு. அதற்கப்புறம் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அக்காவுக்கும் அது சும்மா கிடைத்துவிடவில்லை. அவளைப் போலவே மண்டபத்தில் பிறந்த ஒருவருக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகுதான் தைரியமாக விண்ணப்பித்தாள்.

இப்போது வீட்டில் சிம் கார்டு, பைக், கேஸ் எல்லாம் அவள் பெயரில். போன மாதம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். “சிலோனா? ஸ்டேஷன், கீஷன்னு அலைய முடியாதுப்பா” என்றார் ஓனரம்மா. அக்கா வாக்காளர் அட்டையை நீட்டினாள். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இவரு யாரு?”

“தம்பி.”

“கூடப் பிறந்த தம்பியா?”

கடைசியில் ஆயிரம் ரூபாய் ஏற்றிச் சொல்லிவிட்டுச் சம்மதித்தார். சந்தேகத்துக்கும் ஒரு வாடகை போல!

2025 செப்டம்பர் 1இல் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்ததும் ‘நமக்கெல்லாம் குடியுரிமை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரே கொண்டாட்டம். அப்படி எதுவும் இல்லை. 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து, பதிவும் செய்த இலங்கைத் தமிழரிடம் பாஸ்போர்ட், விசா இல்லாததைக் குற்றமாகப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அம்மாவுக்கு அதுவே பெரிய விஷயம். பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் போயிற்று.

*

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் கும்மிடிப்பூண்டி முகாம். கலியாணம் முடித்தது சென்னைக்காரரை. மகள் பிறந்தது 2008இல். அப்பா இந்தியர்தானே, பிரச்சினை இல்லை என்றுதான் இருந்தோம். குடியுரிமைச் சட்டத்தில் 2003இல் கொண்டுவந்த திருத்தம் 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறையில் இருக்கிறதாம்: பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால், மற்றவர் இந்தியராக இருந்தாலும் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை வராது. வக்கீல் சொல்லித்தான் தெரியும். அகதி அட்டை வைத்திருக்கிற என்னை அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்காகக் கொண்டுவந்த 2019 திருத்தத்திலோ இலங்கையே இல்லை.

மகள் நீட் எழுதப் போகிறாள். விண்ணப்பத்தில் குடியுரிமை என்று கேட்கிற இடத்தில் என்ன போடுவது? முகாம் பிள்ளைகள் யாராவது நிரப்பியிருந்தால் சொல்லுங்கோ.