அச்சகத்தில் தமிழ் எழுத்தின் கொம்பு (ெ) இடம் மாறுகிறது, உதவி தேவை
ஆறிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நான் எழுதிய கதைப் புத்தகம், 32 பக்கம், நடுவில் பின் அடிப்பது, ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் மூன்று வாரமாக நிற்கிறது. என் லேப்டாப்பில் சரியாக இருக்கும் எழுத்து அவர்கள் கணினியில் உடைகிறது: ‘கொக்கு’ என்றால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. கதையே ஒரு கொக்கைப் பற்றியது, பக்கத்துக்கு நாலு தடவை வரும்!

பக்கம் வடிவமைத்தது இன்டிசைன் மென்பொருளில்; எழுத்துரு யூனிகோடு, நோட்டோ சான்ஸ் தமிழ். தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கும் அமைப்பான வேர்ல்டு ரெடி கம்போசரும் போட்டுவிட்டேன். எழுத்துருவைப் பதித்துத்தான் பிடிஎஃப் கொடுத்தேன், ஆனால் அவர்கள் அதைக் கோரல்டிரா என்ற இன்னொரு மென்பொருளில் திறந்து பக்கம் அடுக்குகிறார்கள், அங்கேதான் உடைகிறது. அப்புறம் பாமினிக்கு (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு) மாற்றினேன், பதிப்புரிமைப் பக்கத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரி புரியாத தமிழாகிவிட்டது. எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றினால் கொம்பு சரி, ஆனால் அதன்பிறகு ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியவில்லை, அச்சகத்தில் இருப்பவர்களோ கடைசி நாள்வரை திருத்தம் கேட்கிறார்கள்.

500 பிரதி, ஆஃப்செட், நாலு வண்ணம். ஜனவரி புத்தகக் காட்சிக்கு முன் கையில் வேண்டும்.

யூனிகோடு பிடிஎஃபை வேறு மென்பொருளில் திறக்காமல் அப்படியே பிளேட்டுக்கு (அச்சுத் தகடு) அனுப்பும் அச்சகம் சென்னையில் எங்கே இருக்கிறது?