20 கிலோ 400 கிராம் கஞ்சா வழக்கு: ஜாமீன் கிடைக்குமா?

கம்பம்காரன்:
சித்தி மகன், 21 வயது. நண்பன் கூப்பிட்டான் என்று பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவன். நடுவில் ஒரு சாக்கு. இருவரையும் பிடித்து, 20 கிலோ 400 கிராம் கஞ்சா என்று வழக்கு. ஒரு வக்கீல் ‘அறுபது நாளில் வந்துவிடுவான்’ என்கிறார். இன்னொருவர் ‘பத்து வருஷம்’ என்கிறார். சித்தி சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. யார் சொல்வது சரி?

பழைய குமாஸ்தா, மதுரை:
தம்பி, கஞ்சா வழக்கில் எல்லாமே தராசுதான். 1 கிலோவுக்குக் கீழே இருந்தால் அதிகபட்சம் ஓராண்டு. 20 கிலோ வரை பத்தாண்டுக்கு உள்ளே எவ்வளவும் கொடுக்கலாம். 20-ஐத் தாண்டினால் கமர்ஷியல், அதாவது வணிக அளவு: குறைந்தது பத்து, அதிகபட்சம் இருபது ஆண்டு, அபராதம் 1 லட்சத்துக்குக் குறையாது. நீதிபதிக்கே மனசு இளகினாலும் பத்துக்குக் கீழே இறங்க வழியில்லை. உங்கள் பையனை அந்த 400 கிராம்தான் மாட்டிவிட்டிருக்கிறது.

ஜாமீனுக்குப் போதைப்பொருள் சட்டத்தின் (NDPS) 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அரசு வழக்கறிஞர் எதிர்த்தால், பையன் குற்றம் செய்யவில்லை என்று நம்பக் காரணம் இருப்பதாகவும், வெளியே வந்தும் செய்யமாட்டான் என்றும் கோர்ட்டுக்குத் திருப்தி வரவேண்டும். லேசில் வராது. அறுபது நாள் கணக்கும் இங்கே செல்லாது; குற்றப்பத்திரிகை போட 180 நாள், அதற்குள் போடாவிட்டால்தான் அந்தக் காரணத்துக்காக ஜாமீன். அதையும் கோர்ட் ஓராண்டு வரை நீட்டிக்கலாம்.

சட்டம் படிப்பவன்:
50-ஆம் பிரிவைப் பிடியுங்கள். மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை போட்டார்களா?

பழைய குமாஸ்தா, மதுரை:
அது உடம்பைச் சோதிப்பதற்கு. சாக்குக்கு ஆகாது, உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியாகிவிட்டது. மகசரை, அதாவது பறிமுதல் செய்தபோது போலீஸ் எழுதிய குறிப்பைப் பாருங்கள். எடை சாக்கோடா, சாக்கு இல்லாமலா? சட்டப்படி கஞ்சா என்றால் செடியின் பூ, காய் உள்ள நுனிப்பகுதி. அது இல்லாமல் தனியாகக் கிடக்கும் இலையும் விதையும் கணக்கில் வராது. மாதிரி எடுத்தது 52ஏ பிரிவுப்படி மாஜிஸ்திரேட் முன்னிலையிலா? ‘ஒப்புக்கொண்டான்’ என்று ஒரு தாளும் இருக்கும். போலீசிடம் சொன்னது எப்போதுமே செல்லாது. என்சிபி (மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு) அதிகாரிகளிடம் சொன்னதும் 2020 தூஃபான் சிங் தீர்ப்புக்குப் பிறகு செல்லாது. அதுவும் நம்ம தமிழ்நாட்டு வழக்குதான்.

கம்பம்காரன்:
மகசர் நகல் கிடைத்துவிட்டது அண்ணே. ‘சாக்குடன் எடை’ என்றே எழுதியிருக்கிறது. சாக்கைத் தனியாக எடை போட்டதாக எங்கும் இல்லை.

பழைய குமாஸ்தா, மதுரை:
சணல் சாக்கா? வெறும் சாக்கே அரைக் கிலோவுக்கு மேல் வரும். ஜாமீன் மனுவில் முதலில் அதை எழுதச் சொல்லுங்கள். அப்புறம், குண்டாஸ் (குண்டர் தடுப்புச் சட்டம்) போடுகிறார்களா என்று கவனியுங்கள். போட்டால் ஜாமீன் கிடைத்தாலும் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். உத்தரவு கைக்கு வந்த உடனே அந்தத் தடுப்புக்காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு மனு போய்விட வேண்டும்.