மருந்து அடிக்கிற பம்ப்: உங்க வீட்ல நடந்ததைச் சொல்லுங்க

மிளகாய்க்காரி, வெருலம், தென்னாப்பிரிக்கா

மாமனார் அன்னிக்குக் கண்ணாடி போடாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னமும் நினைப்பு வருது. அதான் எழுதுறேன்.

5 லிட்டர் பம்ப். எல்லார் வீட்லயும் கிடக்கிற அதே பிளாஸ்டிக் சாமான்தான். மிளகாய்ச் செடியெல்லாம் அசுவினி, சோப்புத் தண்ணி கலந்து அடிச்சிட்டிருந்தாரு. பாதியில நாசில்ல தண்ணி வர்றது நின்னு போச்சு. அடைப்பு போலன்னு, உள்ள காத்து அப்படியே இருக்கும்போதே மேல இருக்கிற பிடியைத் திருகிட்டாரு. நான் துணி காயப்போட்டுட்டிருந்தேன். டப்புன்னு ஒரு சத்தம். பம்ப் தண்டு மொத்தமும் அவர் கையை விட்டுக் கிளம்பி, கார் நிறுத்துற கொட்டகைத் தகரத்துல போய் மோதுது. திரும்பிப் பார்த்தா மாமா நின்ன இடத்துலயே நிக்கிறாரு. கண்ணாடி மேல நுரை வழியுது. சிரிக்கிறாரு! அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறல. அன்னிக்கு உள்ள இருந்தது சோப்புத் தண்ணி. அதுக்கு முந்தி அதே டப்பாவுல இருந்தது காப்பர் ஆக்ஸிகுளோரைடு, பூஞ்சாண மருந்து.

பக்கத்துல சிவப்பு வால்வு ஒண்ணு இருக்கு, தூக்கிப் பிடிச்சா காத்து போயிடும். மாமாவுக்கும் தெரியும். அவசரம். இப்ப புதுசு வாங்கணும். என்ன வாங்கலாம்? உங்க வீட்ல என்ன நடந்துச்சு?

மேட்டுவீட்டான், சாட்ஸ்வர்த்

தங்கச்சி, பம்ப் மேல பழி போடாதீங்க. வால்வு வெச்சுக் கொடுத்திருக்கான், இழுக்காதது யார் தப்பு? போகட்டும், எங்க அப்பா கதையைக் கேளுங்க.

செடி முருங்கை, கறிவேப்பிலை, நாலு தக்காளி, கீழ் வரப்புல மடும்பி, அதான் சேப்பங்கிழங்கு. இவ்வளவுதான் எங்க தோட்டம். கடைப் பையன், "அங்கிள், பெருசா வாங்கினா அடிக்கடி ரொப்ப வேணாம்"னு சொல்லி 16 லிட்டர் முதுகுப் பம்பைத் தலையில கட்டிட்டான். ரொப்பினா தண்ணி மட்டுமே 16 கிலோ, பம்ப் எடை தனி. அப்பாவுக்கு வயசு 71. சாட்ஸ்வர்த்துல வீடு இருக்கிறவங்களுக்குத் தெரியும், எங்க யார்டு படிக்கட்டு மாதிரி இறங்கும். கறிவேப்பிலைக்கு அடிச்சிட்டுத் திரும்பினாரு. உடம்பு திரும்பி நின்னுடுச்சு, முதுகுல இருந்த தண்ணி நிக்கல. அந்த ஆட்டம் அவரைப் பக்கவாட்டுல இழுத்துட்டுப் போய் மடும்பிப் பாத்தியில உட்கார வெச்சுட்டுது. அவ்வளவு பெரிய இலைங்களுக்கு நடுவுல அப்பா தலை மட்டும் தெரியுது. கை இன்னமும் லீவரை அடிச்சிட்டே இருக்கு! ஓடிப்போய்த் தூக்கினா முதல் கேள்வி, "பம்ப் உடைஞ்சுதா பாரு."

பம்ப் உடையல. அதனால இன்னிக்கு வரைக்கும் அதையேதான் மாட்டுறாரு. பாதிக்கு மேல ரொப்பக் கூடாதுன்னு அம்மா டேங்க்ல நெயில் பாலிஷால கோடு போட்டு வெச்சிருக்காங்க. அவர் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் ரொப்புவாரு.

ஆனா ஒண்ணு, முதுகுப் பம்ப்ல அடிக்கும்போதே லீவர் போட்டுட்டே இருக்கிறதால அழுத்தம் ஒரே சீரா இருக்கும். சின்ன பம்ப்ல காத்து குறையக் குறைய பனி மாதிரி வந்தது சொட்டுச் சொட்டா விழ ஆரம்பிக்கும், நிறுத்தி நிறுத்தி அடிக்கணும். சாதாரண யார்டுக்குத் தோள்பட்டை வார் வெச்ச 8 லிட்டர் போதும்.

இரவல் கொடுத்தவள், ஃபீனிக்ஸ்

பம்ப் எது வேணா வாங்குங்க. இரவல் மட்டும் கொடுக்காதீங்க.

பக்கத்து வீட்டு அண்ணா ரொம்ப நல்ல மனுஷன். எங்க வீட்டு கேட் சிக்கிக்கிட்டா அவர்தான் வந்து சரி பண்ணுவாரு. அவர் வீட்டுக் கிக்கூயுப் புல்லுல அகல இலைக் களை வந்துடுச்சுன்னு பம்பைக் கேட்டாரு, கொடுத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது கழுவி, கவுத்து வெச்சு, துடைச்சுக் கொண்டாந்தாரு. நாங்க வாங்கினப்ப இருந்ததை விடப் பளபளன்னு இருந்துச்சு. கடல்பாசி உரம் கலந்து தக்காளிக்கும் வேலியில ஏத்தின டபுள் பீன்ஸுக்கும் அடிச்சேன். கொஞ்ச நாள்ல கொழுந்து இலையெல்லாம் உள்பக்கமா மடங்கிடுச்சு. தண்டு முறுக்கிக்கிச்சு. தக்காளிக் கொழுந்து நூலு நூலா நீண்டு போச்சு. வைரஸ்னு நினைச்சுப் பிடுங்கப் போனேன். அப்புறம்தான் பம்ப் அடிச்ச வரிசை மட்டும் இப்படி இருக்கு, தொட்டியில தனியா நிக்கிற தக்காளி நல்லா இருக்குன்னு கண்ணுல பட்டுது. அண்ணா அடிச்சது 2,4-டி களைக்கொல்லி. தக்காளியும் பீன்ஸும் அதைத் துளிகூடத் தாங்காது. ஹோஸ்லயும் வாஷர்லயும் ஒட்டியிருக்கிற மிச்சமே போதும், சும்மா தண்ணி விட்டு அலசினா போகாது.

மனசுல உறுத்துறது செடி இல்லை. அந்தத் தீபாவளிக்கு அண்ணாவும் அக்காவும் பலகாரத் தட்டோட வந்தாங்க. அவர் வேலியைப் பார்த்து, "என்னம்மா, பீன்ஸ் இந்த வருஷம் ஒழுங்கா வரலியா? நம்ம பக்கம் மண்ணே இப்படித்தான்"னு சொன்னாரு. நான் தட்டை வாங்கிட்டு, "ஆமாண்ணா, மண்ணு"ன்னு சொல்லிட்டேன். அவர் இன்னும் அதைத்தான் நம்பிட்டிருக்காரு. சொல்லணுமா வேண்டாமா?

பழைய ஃபிட்டர், ஸ்டாங்கர்

சொல்ல வேண்டாம். வேற பம்ப் வாங்கி, பழசை அவருக்கே கொடுத்திடுங்க. களைக்கொல்லிக்கு ஒண்ணு, மத்ததுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பம்ப் வெச்சிருக்கணும், டேங்க் மேல பெரிசா எழுதி வெக்கணும். இது தெரியாமத்தான் பாதிப் பேர் தோட்டம் போகுது.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். நல்ல பம்ப், ஒரே ஒரு ரப்பர் வாஷர் போச்சு. வாங்கின கடைக்கே கொண்டு போனேன். கவுண்டர்ல இருந்த பையன் வாஷரை விரல்ல மாட்டிச் சுத்திக்கிட்டே, "அங்கிள், இதெல்லாம் வராது, புது பம்ப் வாங்கிடுங்க"ன்னான். சர்க்கரை ஆலையில வாழ்நாள் முழுக்க பம்ப் பார்த்தவன்கிட்ட! அந்த விரல் சுத்தல் இன்னும் கண்ணுல நிக்குது.

அதனால யாரும் கேக்கலைன்னாலும் சொல்லிடுறேன். கடையில முதல் கேள்வி விலை இல்லை, "வாஷர் செட் தனியா கிடைக்குமா?" இல்லைன்னா வெளிய வந்துடுங்க. அடுத்து, என்ன ரப்பர்னு பாருங்க, சில பெட்டியில போட்டிருக்கும். எண்ணெய் கலந்த மருந்து அடிக்கிறவங்களுக்கு வைட்டான் நல்லது. ஈபிடிஎம் ரப்பர் காரத்தன்மை (ஆல்கலி) உள்ள மருந்தைத் தாங்கும், எண்ணெய் பட்டா ஊதிடும். அதனால அதுக்கு வாசலின் தடவாதீங்க, சிலிக்கோன் கிரீஸ் தடவுங்க. வாய் அகலமா இருக்கா, கை விட்டுக் கழுவ முடியுமா, பிடியில வடிகட்டி இருக்கா, அதையும் பாருங்க.

வீட்டுக்கு வந்ததும் மருந்து ஊத்தாதீங்க. வெறும் தண்ணி ஊத்தி அடிச்சுப் பாருங்க, ஒழுகினா கையில படறது தண்ணியாவே இருக்கட்டும். ஒரு நிமிஷம் அளவுக் குவளையில அடிச்சா எவ்வளவு வருதுன்னு தெரியும். அப்புறம் அதே தண்ணியைச் செடிக்கு அடிச்சு எவ்வளவு செலவாகுதுன்னு பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் மருந்து கலக்கணும். மிச்சம் வந்தா எங்க கொட்டுவீங்க? கோட்டுக்கு மேல ரொப்பாதீங்க. தண்ணி அமுங்காது, மேல நிக்கிற காத்துதான் அமுங்கித் தள்ளுது. காத்துக்கு இடம் இல்லைன்னா ரெண்டு தடவை அடிச்சதும் நின்னு போயிடும்.

தூள் மருந்துன்னா முதல்ல ஒரு குவளையில கரைச்சு, பழைய வேட்டித் துணியில வடிகட்டி ஊத்துங்க. அடிக்கும்போது நடுநடுவுல குலுக்கணும், இல்லைன்னா அடியில தங்கிடும். பூச்சிக்கு வட்டமா விரியிற நாசில், இலைக்கு அடியில காட்டணும். அசுவினி, மாவுப்பூச்சி எல்லாம் அடியிலதான் குடித்தனம். களைக்கு விசிறி நாசில், அழுத்தத்தைக் குறைச்சு, கிட்டப் பிடிச்சு அடிக்கணும். தெற்குக் காத்து கிளம்பற நேரத்துல எதையும் தொடாதீங்க. பூ இருந்தா தேனீ அடங்கின பிறகு அடிங்க. கந்தகத்தை வெயில்ல அடிச்சா இலை கருகும். டர்பன் ஜனவரிக் கோடையில சொல்லவே வேணாம். நாசில் அடைச்சா வாயை வெச்சு ஊதறவங்களை நான் பார்த்திருக்கேன், சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். பழைய பல் பிரஷ் எடுங்க. கம்பி விட்டுக் குத்தினா ஓட்டை பெருசாயிடும், அப்புறம் கலக்கின கணக்கு எல்லாம் தப்பு.

முடிச்சதும் மூணு தடவை அலசணும். ஒவ்வொரு தடவையும் தண்ணி நாசில் வழியா வரணும், சும்மா கவுத்துக் கொட்டினா குழாய்ல இருக்கிறது அப்படியே நிக்கும். அந்தத் தண்ணியை அடிச்ச பாத்தியிலயே அடிங்க, சாக்கடையில விடாதீங்க. காத்தை விட்டுட்டு, மூடியைத் திறந்து, நிழல்ல கவுத்து வெக்கணும். வெயில்ல போட்ட பிளாஸ்டிக் நொறுங்கிடும், நொறுங்கின டேங்க்ல அழுத்தம் ஏத்துறது ஆபத்து.

வேப்பெண்ணெய், லெனேசியா

ஃபிட்டர் ஐயா, வாசலின் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதிதான் சரி. நைட்ரைல் ரப்பருக்கு வாசலின் ஒன்றும் செய்யாது. மலிவான பம்புகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. நான் சென்னையிலிருந்து வந்த நாள் முதல் அதைத்தான் தடவுகிறேன். எல்லாரையும் சிலிக்கோன் கிரீஸ் வாங்க வைக்காதீர்கள்.

இங்கே ஜோஹன்னஸ்பர்க் பக்கம், ஹைவெல்ட் மேட்டு நிலக் குளிரில் வேறு தொல்லை. ஜூலையில் விடிகாலை வேப்பெண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டு அடித்துக் கலந்தால்தான் பம்பில் ஓடும்.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. சாலையோரத்தில் ஒருவர் பூச்சி மருந்து விற்றுக்கொண்டிருந்தார். லேபிள் கிடையாது. பழைய குளிர்பான பாட்டிலில் கறுப்பாக ஏதோ. "உங்கள் பம்பில் ஒரு மூடி ஊற்றுங்கள், எறும்பிலிருந்து எலி வரைக்கும் போய்விடும்" என்றார். நான் யோசித்துக்கொண்டே நின்றேன். அவருடைய பெண் குழந்தை, மூன்று வயது இருக்கும், அதே மாதிரி இன்னொரு பாட்டிலை எடுத்து மூடியைத் திறக்கப் பார்த்தது. அதில் இருந்தது உண்மையான ஆரஞ்சு ஜூஸ். குழந்தைக்கு வித்தியாசம் தெரியுமா? 2024 அக்டோபரில் சொவேட்டோ நலேடியில் 6 குழந்தைகள் இறந்தார்கள். டெர்புஃபோஸ் என்ற கடும் விஷப் பூச்சிக்கொல்லிதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நலேடி எங்களுக்குப் பக்கம்தான். செய்தி கேட்டதும் எனக்கு அந்தப் பாட்டிலும் அந்தக் கையும்தான் ஞாபகம் வந்தது.

முறையாக விற்கும் மருந்தின் லேபிளில், இந்த நாட்டின் 1947-ஆம் ஆண்டு 36-ஆம் எண் சட்டப்படி 'எல்' (L) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அடியில் வண்ணப்பட்டை இருக்கும்: சிவப்பு கடும் விஷம், அதற்கடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. வீட்டுத் தோட்டத்துக்குச் சிவப்புப் பட்டை எதற்கு?

மாரிட்ஸ்பர்க் மருமகள்

வேப்பெண்ணெய் அண்ணனாவது எண்ணெய் வாங்குறார். எங்க அத்தை வேப்பிலைன்னு ஒரு கூடை பறிச்சு வந்து, இரவெல்லாம் ஊற வெச்சு, அரைச்சு, பம்புல ஊத்தினாங்க. பத்து எண்றதுக்குள்ள நாசில் அடைக்கும். கழட்டுவாங்க, தட்டுவாங்க, மாட்டுவாங்க, மறுபடி அடைக்கும். கடைசியில கழட்டின நாசிலைக் கையில வெச்சுக்கிட்டு மாரியம்மாவைக் கூப்பிட்டாங்க பாருங்க, தெருவே கேட்டுது. அது வேப்பிலையே இல்லை, சிரிங்கா! வேம்புக்குச் சொந்தக்கார மரம்தான், ஆனா பழம் விஷம். இந்த நாட்டுல அது ஆக்கிரமிப்பு மரப் பட்டியல்ல இருக்கு. சொன்னா, "உங்க கவர்மெண்டுக்கு எல்லா மரமும் ஆக்கிரமிப்புத்தான்"ங்கறாங்க. அத்தையோட இதுல ஜெயிக்கவே முடியாது.

ஆயா பேரன், டோங்காட்

நீங்க எல்லாம் மருந்து மருந்துன்னு பேசறீங்க. எங்க பம்ப் ஒரு சொட்டு மருந்துகூடப் பார்த்ததில்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்துல டோங்காட் தண்ணி சுத்திகரிப்பு நிலையம் போச்சே, அதுக்கப்புறம் மாசக்கணக்கா குழாய்ல தண்ணி இல்லை. டேங்கர் லாரி வரும், வாளி தூக்கிட்டு ஓடுவோம். ஆயாவால குனிஞ்சு வாளியில மொண்டு ஊத்திக்க முடியாது, இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவங்க. ரோஜாவுக்குன்னு வாங்கி, பிரிக்காம வெச்சிருந்த 8 லிட்டர் பம்பை அம்மா எடுத்தாங்க. வெந்நீரும் பச்சத் தண்ணியும் கலந்து ஊத்தி, கதவுக்கு வெளிய நின்னு நான் பம்ப் அடிப்பேன், உள்ள அம்மா குழலைப் பிடிப்பாங்க. முதல் நாள் ஆயா உள்ள இருந்து கத்தினாங்க: "டேய், நான் என்ன கத்திரிச் செடியா?" அப்புறம் ரெண்டு நிமிஷம் சத்தமே இல்லை. அடுத்து, "இன்னும் கொஞ்சம் அடிடா."

5 லிட்டருக்குள்ள ஒரு ஆள் தலையோட குளிச்சு முடிக்கலாம். குழாய் வந்த பிறகும் ஆயா அதை விடல. மூடியில அவங்க பேர் எழுதியிருக்கு. போன மாசம் மாமா வந்து செஞ்சிலந்திக்கு அடிக்கணும், அதைக் கொடுங்கன்னு கேட்டாரு. ஆயா கைத்தடியை எடுத்துட்டாங்க.

பழைய ஃபிட்டர், ஸ்டாங்கர்

தம்பி, நல்ல காரியம். ஆனா வெந்நீர் ஜாக்கிரதை. பெரும்பாலான டேங்க்ல 40 டிகிரிக்கு மேல ஊத்தாதேன்னு போட்டிருக்கும், பிளாஸ்டிக் இளகினா அழுத்தம் தாங்காது. அம்மாவைக் கையை வெச்சுப் பார்த்துட்டு ஊத்தச் சொல்லுங்க.

லெனேசியாத் தம்பிக்கு: நைட்ரைல்னு பெட்டியில போட்டிருந்தா வாசலின் தடவுங்க, நான் தடுக்கல. போடலைன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்? மோந்து பார்ப்பீங்களா?

வேப்பெண்ணெய், லெனேசியா

ஒரு துண்டு பழைய வாஷரை இன்ஜின் ஆயிலில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். ஊதினால் ஈபிடிஎம் மாதிரி வாசலின் ஆகாத ரப்பர், ஊதாவிட்டால் நைட்ரைலோ வைட்டானோ. மோந்து பார்க்க வேண்டியதில்லை ஐயா.

மேட்டுவீட்டான், சாட்ஸ்வர்த்

ரெண்டு பேரும் இருங்க. அப்பா பம்ப்ல இப்ப லீவருக்குக் கீழ கசியுது, சட்டை முதுகு நனையுது. காப்பர்தான் அடிக்கிறாரு. அது வாஷரா, இல்லை உள்ள பிஸ்டன் கப்பா? ஃபிட்டர் அண்ணா, சனிக்கிழமை பக்கி வண்டியில (பிக்கப்) போட்டு ஸ்டாங்கர் கொண்டு வந்தா பார்ப்பீங்களா? அப்பாவையும் கூட்டிட்டுத்தான் வரணும், பம்பைத் தனியா விட மாட்டாரு.