எக்சைட்டானுக்குக் 'கிளரிணை': ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

கரிம ஒளிமின்னணுப் பொருள்களுக்கான (ஒளியை மின்சாரமாகவோ மின்சாரத்தை ஒளியாகவோ மாற்றும் கார்பன் சேர்மங்கள்) நம் தமிழ்ச் சொற்பட்டியலில் குறைகடத்தி, பலபடி (பாலிமர்), துளை எல்லாம் பாடநூல்களில் ஊறிப்போனவை. அவற்றைத் தொட வேண்டாம். இழுபறி எக்சைட்டானில் (exciton)தான். 'கிளர்வன்', 'கிளர்துகள்', 'கிளர்மின்னி' ஆகிய மூன்றும் வந்திருக்கின்றன. ஒலிபெயர்ப்பே போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். நான் 'கிளரிணை' என்பதை முன்வைக்கிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒளி விழுந்ததும் ஓர் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுப்போன இடம் துளை. இவ்விரண்டும் பிணைந்து நிற்கும் இணையே எக்சைட்டான். சிலிக்கானில் இவ்விரண்டையும் சேர்த்துக் கட்டும் ஆற்றல் சுமார் 0.015 எலக்ட்ரான் வோல்ட்தான். அறை வெப்பத்தின் ஆற்றலே 0.025 என்பதால் கட்டு நிற்பதில்லை. கரிமப் பொருள்களில் மின்காப்பு மாறிலி, அதாவது மின்னூட்டங்களுக்கு இடையிலான ஈர்ப்பைப் பொருள் தணிக்கும் அளவு, 3, 4 என்ற அளவிலேயே இருக்கிறது. நடுவில் ஈர்ப்பு அவ்வளவாகத் தணிவதில்லை. பிணைப்பாற்றல் பல பொருள்களில் 0.3 முதல் 0.5 வரை போகிறது. அதனால் எலக்ட்ரானும் துளையும் ஒன்றாகவே அலைகின்றன, பெரும்பாலும் 10 நானோமீட்டர் போவதற்குள் ஒன்றாகவே மறைகின்றன. இந்தத் துறையின் பாதிச் சிக்கல் இந்த 10 நானோமீட்டரில் இருக்கிறது: ஒளியை நன்றாக உறிஞ்சப் படலம் 100 நானோமீட்டர் அளவுக்குத் தடிப்பாக இருக்க வேண்டும், இணையோ, தான் பிரியக்கூடிய இடமான, இரு பொருள்கள் சந்திக்கும் எல்லைப் பரப்பை எட்டுவதற்குள் அழிந்துவிடும்.

கோடாக் ஆய்வகத்தில் சிங் டாங் 1986-இல் இரண்டு கரிமப் படலங்களை ஒட்டவைத்து, அந்த எல்லையில் இணையைப் பிரித்தார். சூரியக்கலத்தின் திறன் சுமார் 1 விழுக்காட்டை எட்டியது. அடுத்த ஆண்டே அவரும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் இதைத் தலைகீழாக்கினார்கள். இருபுறமிருந்தும் எலக்ட்ரானையும் துளையையும் செலுத்தி, படலத்துக்குள் சேரவைத்து, பச்சை ஒளியை வாங்கினார்கள். இன்றைய ஓஎல்ஈடி திரைக்கு வழி திறந்தது அதுதான். பலபடியில் அதே வேலையைக் கேம்பிரிட்ஜ் குழு 1990-இல் செய்துகாட்டியது.

ஒரு கருவியில் பிரிய வேண்டும், இன்னொன்றில் சேர வேண்டும். சேர்தலும் பிரிதலும் 'இணை' என்ற சொல்லோடு தாமாக வந்து ஒட்டுகின்றன. 'கிளர்துகள் பிரிந்தது' என்று எழுதினால், துகள் உடைந்துபோனதாக மாணவர் நினைப்பார். 'கிளர்வன்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இருவர் சேர்ந்த நிலை என்பது அதில் தெரியவில்லை. 'கிளர்மின்னி' எனக்கு உடன்பாடில்லை. எக்சைட்டானுக்கு நிகர மின்னூட்டம் கிடையாது, மின்புலத்தால் அதை இழுத்துச் செல்ல முடியாது என்பதே பாடத்தின் உயிர்நாடி. பெயரிலேயே மின்னை வைத்தால் அது அடிபட்டுப்போகும். ஒலிபெயர்ப்பு தவறில்லை. ஆனால் போட்டான், போனான் வரிசையில் இதுவும் தனித்துகளாகவே படும்.

சரி, இரண்டு தடைகள். எக்சைமரும் (excimer) கிளர்ந்த இரட்டைதானே, பெயர் குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். அங்கே சேர்வது இரண்டு மூலக்கூறுகள். பலபடி இருக்க இருபடியும் இருக்கிறது, ஆகவே 'கிளர் இருபடி' என்று தனியே வைத்துவிடலாம். அப்புறம், எலக்ட்ரான், துளை இவற்றின் தற்சுழற்சி (spin) சேரும் விதத்தைப் பொறுத்த இரு வகைகள்: singlet, triplet. 'ஒற்றைக் கிளரிணை' முரணாக ஒலிக்கும், ஆகவே 'ஒருமைக் கிளரிணை', 'மும்மைக் கிளரிணை' எனலாம். மின்சாரம் செலுத்தும்போது இவை ஏறத்தாழ 1:3 விகிதத்தில் பிறக்கின்றன. ஒருமை மட்டும் ஒளிர்ந்தால் முக்கால் பங்கு வீண் என்பதால்தான், மும்மையையும் ஒளிரவைக்கும் பிளாட்டினம், இரிடியம் சேர்மங்கள் இத்துறைக்குள் வந்தன.

கிளரிணைப் பிணைப்பாற்றல், கிளரிணைப் பரவல் தொலைவு, கிளரிணைப் பிரிவு என்று தொடர்களும் தடையில்லாமல் வருகின்றன. கற்பிக்கும் நண்பர்கள் இதை வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, மாணவர்கள் எங்கே தடுக்குகிறார்கள் என்று எழுதுங்கள். பட்டியலின் இன்னொரு சொல்லான போலரானை (polaron) அதன்பின் எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.